மே பத்து வரை மெலிய மாட்டேன்

குருநகர்
06.10.2024

என் அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எமில்ராஜ் எழுதுவது. நான், றொசாந்தி, ஜெயனி மூவரும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். மலைக்குளிரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? பூசைக்கு ஓஸ்தி அப்பம் சுடும் அறையில் நின்று நின்று வீங்கிவிட்டது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். உங்கள் கன்னியர் மடத்தில் ஒரு கதிரை கூடவா இல்லை?

முதலில் நல்ல செய்தி. ஜெயனிக்குச் சம்பந்தம் சரிவந்துவிட்டது. பாசையூர்ப் பெடியன், பெயர் டினேஸ், வீடுகளுக்கு வயறிங் வேலை செய்கிறான். தகப்பன் இல்லை. தாய் ஜெசிந்தாதான் அந்த வீட்டில் எல்லாம். தவக்காலத்தில் கலியாணம் வைக்க முடியாது, ஆகவே பாஸ்குத் திருநாள் முடிய மே மாதம் பத்தாம் திகதி சனிக்கிழமை என்று பேசி முடித்தோம்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு ஜெசிந்தா ஜெயனியைப் பார்த்த நேரத்தைவிட என்னைப் பார்த்த நேரம்தான் கூட. எனக்கு விளங்கியது. 2015இல் நான் கருவாடு மாதிரிக் காய்ந்து கிடந்தபோது ஊரில் என்ன கதை உலாவியது என்று யாரோ அவவுக்கும் ஓதியிருப்பார்கள். எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழும்பிப் போன சனம் அல்லவா. கடைசியில் என் வயிற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "சம்பந்திக்கு வஞ்சகமில்லாத உடம்பு" என்றா. றொசாந்தி குசினிக்குள் போய் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

இனி மற்றச் செய்தி. போன கிழமை அந்தக் கிளினிக்குக்குப் போனேன். கிருமி இரத்தத்தில் தட்டுப்படவில்லை. பல வருஷமாக அப்படித்தான். ஆனால் டொக்டர் அம்மாவின் முகம் சரியில்லை. கிருமி அடங்கிக் கிடந்தாலும் உடம்பு அதை நம்பவில்லையாம். சண்டை முடிந்த பிறகும் சென்றியில் நிற்கிற ஆமிக்காரன் மாதிரி எந்நேரமும் உஷாராகவே நிற்கிறதாம். அந்த உஷார்தான் இரத்தக் குழாயையும் ஈரலையும் மெல்ல மெல்லக் கெடுக்குமாம். அதோடு வயிற்றுக் கொழுப்பும் சேர்ந்தால் மாரடைப்பு மற்ற ஆட்களுக்கு வருவதைவிட எனக்கு முந்தி வரும் என்றா. சீனியும் எல்லையில் நிற்கிறதாம். "எமில்ராஜ், ஒரு பத்துக் கிலோ இறக்கோணும்" என்றா.

"மே மாசம் பத்தாம் திகதிக்குப் பிறகு இறக்கிறன் டொக்டர்" என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தா. நான் பகிடிக்குச் சொல்லவில்லை அக்கா. நான் மெலிந்தால் ஊர் பழைய கதையைத் தூசு தட்டி எடுக்கும். இந்த வயிறுதான் என் மகளின் நற்சான்றிதழ். மே பத்து வரை நான் மெலிய மாட்டேன்.

உங்கள் செபத்தில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி எமில்


சேசு மரி சூசை

மடம்
24.10.2024

அன்புத் தம்பி எமில்,

கடிதம் கிடைத்தது. ஜெயனியின் செய்தியை மதரிடம் சொன்னேன். இரவுச் செபத்தில் எல்லாரும் அவளுக்காகக் கருத்து வைத்துச் செபித்தோம். றொசாந்தி சுகமாக இருக்கிறாளா? என் முழங்காலை விடு, அது என்னோடு வயது போன முழங்கால்.

"அந்தக் கிளினிக்" என்று எழுதியிருக்கிறாய். உனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. கட்டாரிலிருந்து வந்த பிறகு கண்டுபிடித்தார்கள், ஒன்பது வருஷமாக மருந்து எடுக்கிறாய். றொசாந்திக்கு இல்லை. ஜெயனி அதற்கெல்லாம் முன்னரே பிறந்தவள். இதை வேறு யாருக்கும் சொல்லாவிட்டாலும் எனக்கு எழுதும்போதாவது பெயரைச் சொல்லி எழுது. இங்கே கடிதத்தை ஒருவரும் பிரிப்பதில்லை. மடத்து ரெலிபோன் செத்தவீட்டுச் செய்திக்கு மட்டும் என்பதால்தான் இருபத்தாறு வருஷமாக நாமிருவரும் தாளில் கதைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தத் தாளிலும் ஒளித்தால் நான் உன்னை எங்கே தேடுவது?

வயிறு நற்சான்றிதழ் என்கிறாய். மகளின் கையைப் பிடித்துப் பீடம்வரை கூட்டிக்கொண்டு போக வயிறு போதாது, ஆள் வேண்டும். காலையில் எழும்பி நட. ஆட்டுக்கறியைக் குறை. மே மாதத்தோடு பேரம் பேசாதே, மாரடைப்புக்குக் கலண்டர் தெரியாது.

எனக்குச் செபத்தில் மனம் நிற்கவில்லை. கண்ணை மூடினால் உன் வயிறுதான் முன்னுக்கு நிற்கிறது. இதைச் சொல்லச் சிரிப்பாக இருக்கிறது, ஆனால் சிரிக்கவும் முடியவில்லை.

ஆண்டவர் காப்பாராக,
அக்கா மக்டலீன்


குருநகர்
24.11.2024

என் அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம், மழை மட்டும்தான் சுகமில்லை. கரைக்குப் படகுகள் வந்து நிற்பதால் எனக்கு எஞ்சின் திருத்தும் வேலை நிறைய. பதில் பிந்தியதற்கு அதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

நீங்கள் சொன்னதற்காக ஒரு விடியற்காலை கடற்கரை வீதியில் நடந்தேன். படகு கட்டும் ஜெட்டியடிக்குப் போக முதலே மூன்று பேர் மறித்து, "என்ன எமில், சுகமில்லையோ?" என்று கேட்டார்கள். அப்படியே திரும்பிவிட்டேன்.

பிறகுதான் புதினம். சீனி எல்லையைத் தாண்டிவிட்டது. டொக்டர் அம்மா என்னைச் சீனி வருத்தக்காரருக்கான கிளினிக்குக்குப் போகச் சொன்னா. அந்த டொக்டரோடு தான் கதைப்பதாகவும் சொன்னா. "இல்லை டொக்டர், நானே சொல்றன்" என்று வந்துவிட்டேன்.

சீனி என்றதும் முதலில் தலை சுற்றியது. அடுத்த நாள் ஜெட்டியடியில் எஞ்சினைக் கழற்றிக்கொண்டு நின்றபோது யாரோ தேத்தண்ணி நீட்ட, "சீனி போடாமல் தாரும், எனக்குச் சீனி வருத்தம்" என்றேன். அக்கா, இத்தனை வருஷத்தில் முதல் முறையாக என் வருத்தத்தை வாய்விட்டுச் சொன்னேன். ஒருவரும் விலகவில்லை. நாலு பேர் கிட்ட வந்தார்கள். ஒருவர் தன் கால் புண்ணைக் காட்டினார். ஒருவர் வெந்தயம் ஊறவைக்கச் சொன்னார். இப்போது விடிய நடக்கிறேன். சீனிக்காரர் எல்லாரும் நடக்கிற வீதிதானே, எவரும் கேட்பதில்லை.

கிளினிக்கில் ஆட்கள் காத்திருக்கிற வாங்கில் இருந்தபடி என்னைக் கூப்பிட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? சம்பந்தி ஜெசிந்தா. "இஞ்சை வாங்கோ தம்பி, எனக்குப் பன்னிரண்டு வருசம், இந்த இடத்திலை எல்லாம் எனக்குத் தெரியும்" என்று பக்கத்தில் இருத்தி, ஒரு போத்தலில் பாவற்காய்ச் சாறு தந்தா. இனி ஒவ்வொரு முறையும் எனக்கு இடம் பிடித்து வைப்பாவாம். கலியாணத்துக்கு முதலே இரண்டு குடும்பமும் ஒட்டிவிட்டது. எல்லாம் சீனியின் புண்ணியம்.

உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்புகிறேன்.

தம்பி எமில்


குருநகர்
08.12.2024

சிஸ்டர் மச்சாளுக்கு,

றொசாந்தி வணக்கமாக எழுதிக்கொள்வது. நீங்கள் சுகமாயிருக்க அந்தோனியாரிடம் நேர்ந்திருக்கிறேன். இவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். கோவிலால் வருகிற வழியில் தபாற்கந்தோரில் போடுவேன்.

இவர் சந்தோஷமாக இருக்கிறார் மச்சாள். அதுதான் எனக்குப் பயம். சீனி வந்த மனுசன் பரிசு விழுந்த மாதிரித் திரிகிறார். நடக்கிறார், உண்மைதான். நடந்துவிட்டு வந்து நாலு இடியப்பம் கூடச் சாப்பிடுகிறார், மெலிந்துவிடுவேனோ என்ற பயத்தில்.

பிழை என்னிலும் இருக்கிறது. 2015இல் இவரைக் குளிப்பாட்டும்போது விலா எலும்பு ஒவ்வொன்றாக என் கையில் தட்டும். அந்த ஞாபகத்தில் இவர் தட்டில் சோறு குறைந்தால் இன்றைக்கும் என் மனம் பதைக்கிறது. முந்தின மருந்தை மாற்றிய பிறகு உடம்பு வைத்தது, அதற்குப் புது மருந்தும் ஒரு காரணமாம். மிச்சம் என் குசினிதான். இவர் கொழுத்தால் கிருமி தோற்றது என்று நினைத்துக் கொட்டிக் கொட்டிக் கொடுத்தேன். ஊரும் அப்படித்தான் நினைத்தது. இப்போது அதையே குறை என்கிறார்கள்.

இன்னொன்று. "சீனி டொக்டருக்கு மற்ற மருந்தைப் பற்றிச் சொன்னனீங்களோ?" என்று கேட்டேன். "ஓம், ஓம்" என்றார். இரண்டு தரம் ஓம் சொன்னால் இவர் பொய் சொல்கிறார் என்று உங்களுக்குத் தெரியும்தானே. நீங்கள் கேளுங்கள் மச்சாள். உங்களுக்கு மட்டும் இவர் பயம்.

உங்கள் பாதத்தில் அன்புடன்,
றொசாந்தி


சேசு மரி சூசை

மடம்
20.12.2024

அன்புத் தம்பி எமில்,

உனக்கும் றொசாந்திக்கும் ஜெயனிக்கும் நத்தார் ஆசிகள். எண்ணெய் வந்தது. மணம் மடம் முழுக்கப் பரவி, சமையல் சிஸ்டர் மீன் பொரிக்கிறோமா என்று கேட்டா.

ஒரு கேள்வி கேட்கிறேன். சுற்றி வளைக்கவில்லை. சீனி டொக்டரிடம் நீ எச்.ஐ.வி. மருந்து எடுப்பதைச் சொன்னாயா? சொல்லியிருந்தால் ஓம் என்று எழுது. ஒரு ஓம் போதும், இரண்டு எழுதாதே. றொசாந்தியைக் கோபிக்காதே.

சீனி வந்ததில் உனக்கு வந்த ஆறுதல் எனக்கு விளங்காமலில்லை. நாலு பேர் கிட்ட வந்தார்கள் என்று நீ எழுதிய இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அந்த நாலு பேருக்காக டொக்டரை இருட்டில் விட்டுவிடாதே.

பாலன் உன்னைக் காக்கட்டும்,
அக்கா மக்டலீன்


குருநகர்
19.01.2025

என் அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். உங்கள் நத்தார் வாழ்த்து வருஷம் பிறந்த பிறகுதான் வந்தது. நத்தாருக்கு ஜெசிந்தா வீட்டார் வந்தார்கள். றொசாந்தி நண்டுக் கறியும் கணவாயும் வைத்தாள். நானும் ஜெசிந்தாவும் கேக்கை மட்டும் தொடவில்லை, தொடாததற்கு இரண்டு வீட்டாரும் எங்களைப் புகழ்ந்தார்கள். ஜெயனிக்குச் சேலை எடுத்தாயிற்று, சந்தன நிறம். டினேஸ் எங்கள் வீட்டு வயரெல்லாம் பிழை என்று சொல்லி, ஒரு சதம் வாங்காமல் மாற்றித் தந்தான். இனிக் குசினியில் கை வைத்தால் ஷொக் அடிக்காதாம். தம்பிராசா அண்ணையின் எஞ்சினில் உப்புப் பிடித்து, அதைக் கழற்றவே இரண்டு நாள் போனது. கடலில் இறால் பரவாயில்லை. கோவில் கூரைக்கு வர்ணம் பூசுகிறார்கள், நீலம். எனக்குப் பிடிக்கவில்லை, பூசுகிறார்கள்.

இன்னும் எழுத எவ்வளவோ இருக்கிறது. தாள் முடிந்துவிட்டது.

தம்பி எமில்


சேசு மரி சூசை

மடம்
03.02.2025

எமில்,

சுகம் கேட்க மனமில்லை, ஆனாலும் கேட்கிறேன். சுகமா?

தாள் முடிந்துவிட்டது என்றாய். பின்பக்கம் முழுக்க வெறுமையாக இருந்தது.

மார்ச் ஐந்தாம் திகதி திருநீற்றுப் புதன். அன்றிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரை எங்களுக்குக் கடிதம் எழுதவும் வாசிக்கவும் மடத்து ஒழுங்கில் இடமில்லை என்று உனக்குத் தெரியும். வருவதெல்லாம் மதரின் அலுமாரிக்குள் கிடக்கும். அதற்கு முதல் எனக்குப் பதில் வேண்டும்.

அக்கா


குருநகர்
23.02.2025

என் அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லவில்லை.

மூன்று முறை போனேன், மூன்று முறையும் சொல்ல நினைத்துத்தான் போனேன். அந்த இடத்தை நீங்கள் காணவேண்டும். ஒரு மேசை, ஒரு டொக்டர், மேசையைச் சுற்றி ஆறேழு பேர். ஒருவருடைய சீனி எவ்வளவு என்று மற்றவர் வாய்பாடு மாதிரிச் சொல்வார். என் பக்கத்தில் ஜெசிந்தா. டொக்டர் என்னைக் கேட்டால் அவதான் பதில் சொல்கிறா. அதற்கு நடுவில் எந்த வாயால் அந்தச் சொல்லை எடுப்பது? எடுத்தால் நான் வீட்டுக்கு வந்து சேர முதல் பாசையூருக்குச் செய்தி போய்விடும். தனியாகக் கதைக்க வேண்டும் என்று கேட்டால் அதுவே ஒரு கதை.

என் குளிசை இருக்கும்போது சீனிக் குளிசையின் வேகம் உடம்பில் கூடும், அளவாகத்தான் தரவேண்டும், கட்டாயம் சொல் என்று டொக்டர் அம்மா சொல்லித்தான் விட்டா. சொல்லிவிட்டேன் என்று அவவுக்கும் பொய் சொன்னேன். சீனி இறங்கவில்லை என்று போன கிழமை சீனி டொக்டர் குளிசையை இரட்டிப்பாக்கிவிட்டார். காலை இரண்டு, இரவு இரண்டு. இறங்காவிட்டால் இன்சுலின் ஊசி என்று வெருட்டுகிறார். ஊசிக்குப் பயத்தில் எல்லாவற்றையும் விழுங்குகிறேன். வயிற்றைப் புரட்டுகிறது.

அக்கா, எனக்குச் சரி பிழை தெரியவில்லை. சொன்னால் ஜெயனியின் கலியாணம் நிற்கும். சொல்லாவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்று தெரியாது. கட்டாருக்குப் போவதா என்பதைக்கூட உங்களைக் கேட்டுத்தான் முடிவெடுத்தேன். இதையும் நீங்களே முடிவெடுங்கள். சொல் என்று எழுதினால் அடுத்த முறை சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் உங்களுக்கு நாலைந்து நாளில் கிடைக்கும். உடனே ஒரு வரி போடுங்கள். உங்களிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் சொல்லாதே என்று எடுத்துக்கொள்கிறேன்.

தம்பி எமில்


குருநகர்
26.03.2025

சிஸ்டர் மச்சாளுக்கு,

இது உங்கள் கையில் இப்போது கிடைக்காது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். யாருக்காவது எழுதாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும்.

இவருக்கு ஒரு மாதமாக வயிற்றால் போகிறது, சாப்பிட்டதையும் சத்தி எடுக்கிறார். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார். கன்னம் ஒட்டிவிட்டது. களிசான் இடுப்பில் நிற்பதில்லை, கயிறு கட்டியிருக்கிறார். மெலிய மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த மனுசன் இப்போது 2015 மாதிரி இருக்கிறார். நேற்று முதுகு தேய்த்துவிட்டபோது விலா எலும்பு என் கையில் தட்டியது. வெளியே வந்து கிணற்றடியில் இருந்து அழுதேன்.

கோவிலில் கேட்டவர்களுக்கு, தவக்கால ஒறுத்தல் என்று சொன்னேன். ஒரு மனுசி, "ஒறுத்தல் இப்பிடியும் உருக்குமோ?" என்று கேட்டுவிட்டுப் போனா. பழைய கதை மெல்லத் தலை தூக்குகிறது. ஜெசிந்தாக்காதான் பாவம், இவரைக் காப்பாற்ற ஒவ்வொரு நாளும் பாவற்காய்ச் சாறு கொண்டுவருகிறா.

"டொக்டரிட்டைச் சொல்லுங்கோ" என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். "அக்காவிட்டைக் கேட்டனான். அக்காவே சொல்லு எண்டு எழுதேல்லை" என்கிறார். உண்மையா மச்சாள்? நீங்களா பேசாமல் இருந்தீர்கள்? நான் நம்பவில்லை. அலுமாரிக்குள் கிடக்கும் என்று சொன்னால் இவர் கேட்பதில்லை, திருநீற்றுப் புதனுக்கு முதலே கிடைத்திருக்கும் என்கிறார்.

மடத்துக்கு ரெலிபோன் எடுப்போமா என்று நினைத்தேன். எடுத்தால் செத்தவீடு என்று நினைப்பீர்கள். அந்த நினைப்பை என் கையால் உங்களுக்குக் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. ஏப்ரல் எட்டாம் திகதி அடுத்த கிளினிக். இம்முறை நானும் கூடப் போகிறேன்.

றொசாந்தி


சேசு மரி சூசை

மடம்
20.04.2025, உயிர்த்த ஞாயிறு

என் தம்பி எமில்,

நீ உயிரோடு இருக்கிறாயா? இதைத்தான் முதலில் கேட்கவேண்டும். நலம் விசாரிக்கிற வேறு வார்த்தை எனக்கு வரவில்லை.

இன்று காலைப் பூசை முடிய மதர் இரண்டு கடிதங்களைக் கையில் தந்தா. உன்னுடையது இங்கே வந்தது மார்ச் ஆறாம் திகதி, திருநீற்றுப் புதனுக்கு அடுத்த நாள். நாலைந்து நாளில் வரும் என்று நீ எண்ணிய கடிதத்துக்குப் பதினொரு நாள் எடுத்தது. உறையின் மேல் உன் எழுத்தை மதரின் மேசையில் கண்டேன். "அவசரமாக இருக்கலாம் மதர்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தந்திருப்பா. நான் சொல்லவில்லை. பிரித்து வாசிக்க வேண்டும் என்று மனம் பறந்தது, பறந்தபடியால்தான் கேட்கவில்லை. அந்த ஆசையை அடக்குவதை உன் சுகத்துக்காக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் அந்த அலுமாரியைக் கடந்து போகும்போது, "இது என் தம்பிக்காக" என்று சொல்லிக்கொண்டு போனேன். நீ உள்ளே கிடந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். நான் என் புண்ணியத்தைப் பார்த்துக்கொண்டு போனேன்.

இன்றைக்கு அல்லேலூயா பாட என் வாய் வரவில்லை. மதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உடனே ரெலிபோனைத் தந்தா. உன் நம்பர் என்னிடம் இல்லை எமில். இருபத்தாறு வருஷத்தில் கேட்டு வைக்கவேயில்லை. பங்குத் தந்தைக்கு எடுத்தால் உன் காரியம் வெளியில் வந்துவிடுமோ என்று பயந்து, திரும்ப வைத்துவிட்டேன். நானும் உன்னைப் போலத்தான் என்று அப்போது விளங்கியது.

சொல்லு. டொக்டரிடம் சொல்லு. கலியாணம் நின்றாலும் சொல்லு. நான் சும்மா இருந்ததை என் பதிலாக எடுத்துக்கொள்ளாதே. நீ உயிரோடு இருக்கவேண்டும். கடவுளுக்காக இல்லை, எனக்காக.

உன் நம்பரை எழுது.

அக்கா


குருநகர்
03.05.2025

என் அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன், கொஞ்சம் களைப்பு, மற்றப்படி சுகம். இனி அழவேண்டாம். நம்பரை உறையின் பின்பக்கம் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

உங்கள் "சொல்லு" ஏப்ரல் முப்பதாம் திகதி வந்தது. நான் ஏப்ரல் எட்டாம் திகதியே சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் நான் செய்த முதல் காரியம் இதுதான். கோபிக்காதீர்கள்.

நான் தைரியசாலி என்று நினைக்கவும் வேண்டாம். அன்றைக்கும் வாயை மூடிக்கொண்டுதான் போனேன். றொசாந்தி மருந்து எடுக்கிற வரிசையில் நின்றாள், ஜெசிந்தா வழக்கம்போல என் பக்கத்தில். டொக்டர் இரத்த றிப்போட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிட்னி நம்பர் ஏறிவிட்டது என்றார். "சீனிக் குளிசையைவிட வேற என்ன பாவிக்கிறீங்கள்? நாட்டு மருந்து ஏதும்?"

நான் வாயைத் திறக்க முதல் ஜெசிந்தா, "வேற ஒண்டுமில்லை டொக்டர், நான்தான் பாத்துக்கொண்டிருக்கிறன். பாவற்காய்ச் சாறு மட்டும் குடுக்கிறனான்" என்றா. பெருமையோடு சொன்னா.

டொக்டர் பேனையை மேசையில் போட்டார். "உங்களை ஆர் குடுக்கச் சொன்னது? இந்தாள் சாகப் பாத்திருக்கு. உங்கடை கைவைத்தியத்தாலைதான் இவ்வளவும்" என்று ஏசத் தொடங்கினார். மேசையைச் சுற்றி நின்ற எல்லாரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். அவவின் முகம் அப்படியே விழுந்துபோனது. போத்தலைப் பைக்குள் ஒளித்தா. எனக்காக விடியக் காலையில் எழும்பிச் சாறு பிழிந்த மனுசி, அக்கா. அவவின் தலையில் என் பழியை வைத்துவிட்டு நான் எப்படி நல்ல சம்பந்தியாக நிற்பது?

"அந்த மனுசியை ஏசாதேங்கோ டொக்டர்" என்றேன். "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. ஒன்பது வருசமா அதுக்குக் குளிசை எடுக்கிறன். உங்களிட்டைச் சொல்லாதது நான்தான்."

டொக்டர் குரலைத் தாழ்த்தி, இதை முதலே சொல்லியிருந்தால் பாதிதான் தந்திருப்பேன் என்றார். ஜெசிந்தா எழும்பினா. என்னைப் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டா.

மூன்று நாள் வார்ட்டில் சேலைன் ஏற்றினார்கள். டொக்டர் அம்மாவும் சீனி டொக்டரும் தங்களுக்குள் கதைத்து, குளிசையைப் பாதியாக்கினார்கள். சத்தி நின்றது, கிட்னி நம்பர் இறங்கி வருகிறது. உடம்பு இன்னும் சென்றியில்தான் நிற்குமாம், அதற்குக் கொலஸ்ட்ரோல் குளிசை ஒன்றும் சேர்த்திருக்கிறார்கள். இனி என் சாப்பாடு, நடை எல்லாம் அவர்கள் கணக்கில்.

ஜெயனிக்கு வார்ட்டில் வைத்தே சொன்னோம். நோயைக் கேட்டு அவள் அழவில்லை. "உனக்காகத்தான் பிள்ளை மறைச்சனான்" என்று நான் சொன்ன பிறகுதான் அழுதாள். "என்ரை பேரிலை போடாதேங்கோ அப்பா. நான் உங்களைச் சாகச் சொல்லிக் கேட்டனானே?" என்றாள்.

பெரிய வாரம் முழுக்கப் பாசையூரிலிருந்து ஒரு செய்தியுமில்லை. கோவிலில் எங்கள் வாங்கில் நாங்கள் மூவர் மட்டும்தான் இருந்தோம், பக்கத்தில் ஒருவரும் வந்து இருக்கவில்லை. பெரிய வெள்ளி அன்று றொசாந்தி சந்தன நிறச் சேலையை எடுத்து மடித்து அடியில் வைத்தாள். ஊர் கதைக்கிறது அக்கா, நான் பயந்ததைவிட அதிகமாகவே கதைக்கிறது.

பாஸ்கு முடிந்த செவ்வாய்க்கிழமை டினேஸ் தனியாக வந்தான். தேத்தண்ணி கொடுத்தோம், குடித்தான். டொக்டர் அம்மாவைப் போய்ச் சந்தித்துக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டு வந்தானாம். "மாமா, குளிசையை நேரத்துக்கு எடுக்கிறீங்களோ?" என்று மட்டும் கேட்டான். "ஓம்" என்றேன். "எனக்கு அது காணும் மாமா, வேற ஒண்டும் வேண்டாம்" என்றான். தாயைக் கேட்டேன். "அம்மா கலியாணத்துக்கு வருவா. உங்களோடை கதைப்பாவோ தெரியாது" என்றான். ஜெசிந்தா தன் கிளினிக் நாளை மாற்றிவிட்டாவாம். அந்த வாங்கில் இப்போது எனக்கு இடம் பிடித்து வைக்க ஆளில்லை. அது எனக்கு நோகிறது, உங்களிடம் ஏன் மறைப்பான்.

நேற்று டினேஸ் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பட்டணத்துத் தையற்கடைக்குப் போனான். மாசி மாதம் அளவெடுத்த கோட் தைத்து முடிந்திருந்தது. போட்டுப் பார்த்தால் உள்ளே இன்னொரு ஆள் நிற்கலாம். கலியாணக் காலம், கடை நிறையச் சனம், குருநகர் முகங்களும் இரண்டு மூன்று. தையற்காரர் கோட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, கடை முழுக்கக் கேட்க, "என்ன எமில் அண்ணை, ஏன் இப்பிடி மெலிஞ்சு போனியள்?" என்று கேட்டார்.

இத்தனை வருஷமாக நான் சாப்பிட்ட ஒவ்வொரு பிடி சோறும் இந்தக் கேள்வி வராமல் இருக்கத்தான். சீனி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. டினேஸ் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வருத்தம் இருக்குது, மருந்தும் இருக்குது" என்றேன். "நீர் அளவை எடும்."

என்றும் உங்கள் தம்பி,
எமில்ராஜ்